வயது வரம்பு இல்லை

பிரேசர் டவுன், பெங்களூர்
9.5.2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

மித்ரா எழுதுவது. இங்கே வந்து பத்து நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் ஜோசபின் அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் இருமல் நின்றதா?

அறை சின்னதுதான், ஆனால் காற்று வருகிறது. வீட்டுக்காரர் மௌரீன் அம்மா தனியாக இருக்கிறார். முன்பக்கம் அவர், பின்பக்கம் நான். நேற்று முன்தினம் வைசாகப் பௌர்ணமி. புத்தர் பிறந்த நாளில் விகாரைக்குப் போக முடியவில்லையே என்று ஜன்னலில் ஓர் அகல் ஏற்றி வைத்தேன். மௌரீன் அம்மா கதவைத் தட்டி, "கரன்ட் போயிடுச்சா சைல்ட்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்குச் சக்தி இல்லை.

அவர் வீட்டு போன் நம்பரைத்தான் பயோடேட்டாவில் போட்டிருக்கிறேன். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை ஹாலில் அந்தப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். "நீ போய்ச் சாப்பிடு, நான் பாக்கறேன்" என்கிறார். சாப்பிடப் போனால் காது மட்டும் இங்கேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை விரித்தால் வேலைதான் வேலை, அண்ணா. பக்கம் பக்கமாக வேலை. பென்சிலால் வட்டம் போட ஆரம்பித்தால் எங்கேயும் வட்டம் விழவில்லை. துடிப்பான இளம்பெண்கள், இருபத்தைந்துக்குள். ஒன்றில் "மூன்று வருட அனுபவமுள்ள புதியவர்கள்" என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். அப்படித்தான் இருந்தது. தங்கச் சுரங்கத்து டைம் ஆபீஸில் பதினைந்து வருடம் டைப் அடித்தவள் என்பதை எந்த வரியில் எழுதினால் சரியாக வரும் என்று தெரியவில்லை.

அண்ணிக்கு என் அன்பு. பதில் போடுங்கள்.

உங்கள்
சங்கமித்ரா

*

மாரிகுப்பம்
18.5.2001

அன்புத் தங்கை மித்ராவுக்கு,

அண்ணன் குணசேகர் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். உன் நலத்துக்குப் பதில் எழுது. இருமல் பரவாயில்லை.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்காதே. கூப்பிடுகிறவன் மறுபடி கூப்பிடுவான். நேரத்துக்குச் சாப்பிடு.

பிப்ரவரியில் சுரங்கத்தைப் பூட்டியதிலிருந்து எனக்கு நேரம் போகவில்லை. வீட்டுக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்துவிட்டேன். மூன்றாவது தடவை டப்பாவை எடுத்தபோது உன் அண்ணி பிடுங்கி வைத்துவிட்டாள். ஞாயிறு காலையில் நானும், சுரங்கத்தில் கூட இருந்த தியோடரும் இளங்கோவனும் வாசகசாலைக்குப் போய்ப் பேப்பர் பார்க்கிறோம். அவர்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. நான் படித்துச் சொல்கிறேன். நாற்பத்தேழு வயதுக்காரனை எங்கே கூப்பிடப்போகிறார்கள்? அதுவும் வைண்டிங் எஞ்சின் டிரைவர். ஆட்களைக் கூண்டில் வைத்துப் பூமிக்குள் இறக்கி, மறுபடி மேலே தூக்குகிறவன் என்று சொன்னால், பெங்களூரில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே, "அப்ப லிஃப்ட்மேனா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரயிலில் மூன்று மணி நேரம்தான். மாதம் ஒரு தடவையாவது வந்து போ.

ஜெய்பீம்.
உன் அண்ணன்
குணசேகர்

*

பிரேசர் டவுன்
24.6.2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

நேற்று ஒரு நேர்முகத்துக்குப் போனேன். 'வாக்-இன்' என்கிறார்கள். நேராக நடந்து உள்ளே போய்விடலாம் என்று அர்த்தம். பெரிய ஹோட்டல். காலை எட்டு மணிக்கே வாசலைத் தாண்டி வரிசை நின்றது. எனக்கு டோக்கன் முந்நூற்றுப் பன்னிரண்டு.

பக்கத்தில் சௌம்யா என்று சேலத்துப் பெண். இருபத்திரண்டு இருக்கும். எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தாள், பாதி எனக்குக் கொடுத்தாள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி வாக்கில், "உங்க பொண்ணு உள்ள போயிட்டாளா ஆன்ட்டி?" என்று கேட்டாள். நானும் வேலைக்குத்தான் வந்திருக்கிறேன் என்றேன். பாவம், அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

மூன்றரைக்கு ஒருவர் வெளியே வந்து, "இடமெல்லாம் காலைலயே முடிஞ்சுபோச்சு, பயோடேட்டாவ இந்த அட்டைப்பெட்டில போட்டுட்டுப் போங்க" என்றார். காலையிலேயே முடிந்தது என்றால் ஏன் மூன்றரை வரை உட்கார வைத்தீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வரிசையாகப் போய்ப் பெட்டியில் போட்டோம்.

இந்த மாதம் வர முடியவில்லை. வெறுங்கையோடு வந்து அண்ணி முகத்தைப் பார்க்க மனமில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
மித்ரா

*

பிரேசர் டவுன்
30.7.2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமே காண விழைகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது. சென்ற திங்கள் முதல் போகிறேன். ஒரு தனியார் ஆபீஸ். டைப் அடிப்பது, கடிதங்களைப் பிரித்து அடுக்குவது. மேனேஜர் ஹரிஷ்குமாருக்கு இருபத்தெட்டு வயதுதான். "உங்க வயசுல இருக்கறவங்க பாதில விட்டுட்டு ஓட மாட்டீங்க மேடம்" என்று சொல்லித்தான் எடுத்தார். சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு.

மற்றதை நேரில் சொல்கிறேன். அண்ணிக்குச் சொல்லுங்கள்.

உங்கள்
மித்ரா

*

மாரிகுப்பம்
8.8.2001

அன்புத் தங்கை மித்ராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணி கேசரி கிளறி லைன் வீடுகள் முழுக்கக் கொடுத்தாள். தியோடர், "உன் தங்கச்சி கெட்டிக்காரிடா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். எந்த மாதிரி ஆபீஸ் என்று நீ எழுதவில்லையே. கேட்கிறவர்களுக்கெல்லாம் ஏதோ கம்பெனி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கும் ஒரு வழி தெரிகிறது. கணேசமூர்த்தியை உனக்கு நினைவிருக்கும், கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்திருந்தவர். அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குப் பழக்கம். பம்ப் ஹவுஸில் எலக்ட்ரீஷியனுக்கு உதவி ஆள் வேண்டுமாம். செப்டம்பர் ஒன்றாம் தேதி சேரச் சொல்கிறார். எலக்ட்ரீஷியன் சின்னப் பையன், அவனுக்குக் கீழே நான். பரவாயில்லை. அங்கே எல்லோரும் தமிழ் பேசுகிறார்களாம். போகலாம் என்று இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு ஞாயிறு வந்து போ.

ஜெய்பீம்.
குணசேகர்

*

மாரிகுப்பம்
28.8.2001

அன்புத் தங்கை மித்ராவுக்கு,

நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. நேற்று முன்தினப் பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்தை அப்படியே தமிழில் எழுதுகிறேன், படி.

"டெக்னிக்கல் சூப்பர்வைசர் தேவை. ஆட்களை ஏற்றி இறக்கும் கனரக எந்திரங்களில் நீண்ட அனுபவம் வேண்டும். சுரங்கத்தில் பணிபுரிந்தவர்களுக்கு முன்னுரிமை. விபத்தின்றிப் பணியாற்றியவர்கள் அதைக் குறிப்பிடவும். ஆங்கிலம் அவசியமில்லை. வயது வரம்பு இல்லை."

மித்ரா, இதை வாசகசாலையில் நின்றுகொண்டே நான்கு தடவை படித்தேன். தியோடருக்கும் இளங்கோவனுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வாசகசாலைக்காரர் அதட்டினார், அப்புறம் அவரே எழுந்து வந்து கேட்டார். இருபத்திரண்டு வருடம் அந்த லீவரைப் பிடித்திருந்தேன். ஒரு ஆளுக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை. அதைக் குறிப்பிடு என்று ஒரு கம்பெனி கேட்கிறது. நம்மைத் தெரிந்த யாரோ அங்கே இருக்கிறார்கள் என்று இளங்கோவன் சொல்கிறான்.

கம்பெனி பெயர் இல்லை. பெங்களூர் அஞ்சல் பெட்டி எண் மட்டும். நேற்று முழுக்க உட்கார்ந்து எனக்கும் எழுதி, எழுத வராத நம் ஆட்கள் பத்தொன்பது பேருக்கும் நானே எழுதினேன். கை இன்னும் வலிக்கிறது. மற்றவர்களும் ஆங்காங்கே எழுதிப் போடுகிறார்கள்.

கணேசமூர்த்தியிடம் ஒன்றாம் தேதி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சேர்ந்துவிட்டுப் பத்து நாளில் விட்டால் அவர் பெயர் கெடும். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நீ பெங்களூரில் இருக்கிறாய். இந்தப் பெட்டி எண் யாருடையது என்று விசாரிக்க முடிந்தால் விசாரித்து எழுது.

அண்ணன்
குணசேகர்

*

பிரேசர் டவுன்
10.9.2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் பத்து நாளுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுத இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன்.

அண்ணா, பெயர் போடாத விளம்பரங்களை நம்ப வேண்டாம். இங்கே நிறைய அப்படி வருகிறது. கணேசமூர்த்தி அண்ணனிடம் மறுபடி பேசிப் பாருங்கள். அத்திபெலே வேலையை விட வேண்டாம். தயவுசெய்து உடனே பேசுங்கள்.

ஆபீஸில் வேலை அதிகம். ஞாயிறு வர முடியவில்லை.

மித்ரா

*

மாரிகுப்பம்
23.9.2001

அன்பு மித்ராவுக்கு,

நலம். பதினைந்து நாள் காத்திருந்ததற்கு ஐந்து வரி வந்தது.

விசாரிக்கச் சொன்னேன். விசாரித்தாயா இல்லையா என்றே நீ எழுதவில்லை. நம்பாதே என்று மட்டும் எழுதியிருக்கிறாய். உனக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. மற்றவர்களுக்குக் கிடைப்பதைப் பற்றி உனக்கு இவ்வளவு சந்தேகம் ஏன் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. மனம் நொந்து எழுதுகிறேன், தப்பாக இருந்தால் மன்னித்துவிடு.

உன் பேச்சைத் தட்டவில்லை. கணேசமூர்த்தியைப் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது. பங்காருப்பேட்டைப் பையன். போகட்டும்.

அவர்கள் கூப்பிடுவார்கள். அவ்வளவு விவரம் தெரிந்து எழுதியவர்கள் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள்.

குணசேகர்

*

மாரிகுப்பம்
14.10.2001

அன்புள்ள மித்ராவுக்கு,

அண்ணி ஜோசபின் எழுதுறேன். ஆண்டவர் கிருபையால் சுகம். நீ சுகமா இருக்கணும்னு தினமும் ஜெபத்தில் சொல்றேன். எனக்கு உங்க அண்ணன் மாதிரி எழுத வராது, தப்பு இருந்தால் சிரிக்காதே.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. அவர் தினமும் பதினோரு மணிக்குப் போஸ்டாபீஸ் போறார். போஸ்ட்மேன் வீட்டுக்கே வருவார்ல, அதுவரைக்கும் பொறுக்கல. முன்னெல்லாம் தியோடர் கூடப் போவார். இப்ப தனியாத்தான் போறார். ஏன்னா அவர் எழுதிக் கொடுத்தவங்க எல்லாம் "குணா, எதுனா வந்துச்சா?"ன்னு கேக்கறாங்க, பதில் சொல்ல முடியல.

போன வாரம் காய்ச்சல். படுத்துக்கோங்கன்னு சொன்னேன். சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார். திரும்பி வந்து கட்டில்ல உக்காந்து, "அட்ரஸ் தப்பா எழுதிட்டனோ"ன்னு கேட்டார். இருபது கவர் மேலயுமா தப்பா எழுதுவீங்கன்னு கேட்டேன். மறுநாளும் அதே பதினோரு மணிக்குக் கிளம்பிட்டார்.

மித்ரா, நீ நாலு மாசமா வரல. வேலை கிடைச்சும் வரல. உங்களுக்குள்ள என்னன்னு எனக்குத் தெரியாது. உனக்கு எதாவது தெரிஞ்சா சொல்லிடும்மா. நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் சரி. அவர் இப்படிப் போய்ப் போய் வர்றதை என்னால பாக்க முடியல.

அண்ணி
ஜோசபின்

*

பிரேசர் டவுன்
21.10.2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? காய்ச்சல் விட்டதா? அண்ணி எழுதியிருந்தார். அவரைக் கோபிக்காதீர்கள்.

அந்த வேலை இல்லை, அண்ணா. எப்போதுமே இருந்ததில்லை. அந்த விளம்பரத்தை எழுதியவள் நான்.

நான் சேர்ந்தது கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆபீஸ். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. என் மேஜைக்குத் தினமும் சாக்கில் கடிதம் வரும். பிரித்து, பிறந்த தேதியைப் பார்த்து, முப்பத்தைந்துக்கு மேல் என்றால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டு மேஜைக்கடியில் இருக்கிற சாக்கில் போட வேண்டும். மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். நானே அந்தச் சாக்கில் விழ வேண்டியவள். அதனால்தான் எந்த மாதிரி ஆபீஸ் என்று உங்களுக்கு எழுதவில்லை.

ஆகஸ்டில் அரைப்பக்கம் விளம்பரம் போட்டார்கள். பன்னிரண்டு கட்டம். ஒன்றுக்குப் பின்னால்கூட வேலை கிடையாது. எங்களிடம் இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பெரிய கம்பெனிகளிடம் காட்ட பயோடேட்டா சேர்ப்பதற்காக. பதினொன்று தயாராகிவிட்டது. ஹரிஷ்குமார் என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், ஒரு கட்டம் காலியா இருக்கு. பேப்பர் ஆபீஸ்ல ஆறு மணிக்குக் கேக்கறாங்க. டெக்னிக்கலா ஏதாச்சும் போடுங்க, பொதுவா."

"எந்தக் கம்பெனிக்கு சார்?"

"கம்பெனி எதுக்கு மேடம்? கட்டம் நிறைஞ்சாப் போதும்."

எனக்குத் தெரிந்த ஒரே எந்திரம் நீங்கள் ஓட்டியது. அதை நினைத்துக்கொண்டு அடித்தேன். வயது வரம்பு இல்லை என்று அடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அண்ணா. அந்தப் பத்து நிமிடம் அப்படி ஒரு வேலை இருக்கிற மாதிரியே இருந்தது. நீங்கள் பார்ப்பீர்கள் என்று நினைக்கவில்லை என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். அது பொய். ஞாயிறுதோறும் நீங்கள் வாசகசாலைக்குப் போவது எனக்குத் தெரியும். அதை யோசிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அந்த வாரமே கவர்கள் வந்தன. முதலில் தியோடர் அண்ணனுடையது. மேலே உங்கள் கையெழுத்து. அடுத்ததும் உங்கள் கையெழுத்து. இருபதும் ஒரே எழுத்து. உங்களுடையதைக் கடைசியாகப் பிரித்தேன். வேலையை விட்ட காரணம் என்ற இடத்தில், "சுரங்கம் மூடப்பட்டது. கடைசி ஆள் மேலே வரும்வரை பணியில் இருந்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். சிவப்புப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. "என்ன மேடம், உடம்பு சரியில்லையா?" என்று ஹரிஷ்குமார் கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தால் அத்திபெலே வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டதாக உங்கள் கடிதம் காத்திருந்தது. உடனே கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போய் மாரிகுப்பத்துக்கு டிக்கெட் எடுத்தேன். ரயில் வந்தது, நின்றது, போனது. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அது இன்னும் கஷ்டமாகிப் போனது. நீங்கள் தினமும் போஸ்டாபீஸ் போனது மட்டும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

தங்கவயலிலிருந்து மொத்தம் அறுபத்தொரு விண்ணப்பம். ஒன்றைக்கூடச் சாக்கில் போடவில்லை. என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அண்ணி கடிதம் வந்தபின் உங்களைத் தவிர அறுபது பேருக்கும் தமிழில் கையால் எழுதினேன். இந்த வேலை இல்லை, காத்திருக்க வேண்டாம், விளம்பரத்தை எழுதியவள் நான், என் பெயர் சங்கமித்ரா, குணசேகரின் தங்கை, அண்ணனுக்கு இது தெரியாது என்று. எல்லாவற்றையும் நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டு ஆபீஸில் போய்ச் சொன்னேன்.

ஹரிஷ்குமார் கத்தவில்லை. "உங்கள யார் மேடம் கேட்டாங்க? பதில் போடற வழக்கமே இல்லையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "திங்கக்கிழமை வர வேண்டாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய பயோடேட்டாவே இரண்டு மூன்று இடத்தில் போய்க் கிடக்கிறது, நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன்.

அந்தக் கடிதங்கள் நாளையோ மறுநாளோ அங்கே வரும். ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். உங்களை அதில் தனியாக நிறுத்திவிட்டேன். திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

மித்ரா

*

மாரிகுப்பம்
9.12.2001

சங்கமித்ராவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். ஏழு வாரம் எழுதவில்லை. எழுத முடியவில்லை.

உன் கடிதங்கள் எல்லாம் ஒரே நாளில் வந்தன. நான் அப்போது போஸ்டாபீஸ் வாசலில்தான் நின்றிருந்தேன். போஸ்ட்மேன் கட்டைப் பிரித்து, "குணா, லைன் முழுக்க வந்திருக்கு, எல்லாம் பெங்களூரு" என்றார். எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது என்று நினைத்தேன். என் கவரை அங்கேயே நின்று பிரித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் இருபது முப்பது பேர். நான் உள் அறையில் இருந்தேன். எந்த முகத்தோடு வெளியே வருவது? உன் அண்ணிதான் நடுவில் நின்றாள். அப்புறம் தியோடர் உள்ளே வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். உன் கடிதம் அவன் கையில் இருந்தது.

"இன்னாடா குணா, இதுக்கா ஒளிஞ்சிகினு கீற? மார்ச்சுலேருந்து எத்தினி எடத்துக்குப் போட்டிருப்பேன். ஒருத்தனாவது வேணாம்னு எழுதினானா? இது ஒண்ணுதான்டா எனக்கு வந்த பதிலு. அதுவும் கையால, என் பேரைப் போட்டு."

இளங்கோவனுக்குக் கோபம்தான், இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவன் ஒரு வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் கலைந்து போய்விட்டார்கள்.

அவர்கள் மன்னித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள். என்னால் முடியவில்லை. விளம்பரம் எழுதியதற்காக இல்லை. அதை நீ எந்த மனத்தோடு எழுதினாய் என்று எனக்குத் தெரிகிறது. ஏழு வாரம் உனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் அறுபது அறுபது பேராகக் கூண்டில் இறக்கியிருக்கிறேன். கீழேயிருந்து மணி அடித்தால் மேலே இருப்பவன் பதில் மணி அடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் பதில் மணி அடிக்காமல் இருந்ததில்லை. இப்படி எழுதுவது உனக்கு வலிக்கும். எழுதாவிட்டால் எனக்கு வலிக்கிறது.

பங்காருப்பேட்டையில் ஒரு அரிசி மில்லில் மோட்டார் பார்த்துக்கொள்ளச் சேர்ந்திருக்கிறேன். விளம்பரம் ஒன்றுமில்லை. ரயிலுக்கு நேரம் இருந்ததால் மில்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், உள்ளே மோட்டார் சத்தம் சரியில்லை, போய்ச் சொன்னேன். நாளை வா என்றார்கள்.

நீ இப்போது என்ன செய்கிறாய், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று உன் அண்ணி தினமும் கேட்கிறாள். என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? நீயும் எழுதவில்லை. அந்த மௌரீன் அம்மா உன்னைப் பார்த்துக்கொள்கிறார்களா?

கிறிஸ்துமஸுக்கு நீ வர வேண்டும் என்று ஜோசபின் சொல்கிறாள். இருபத்து நான்காம் தேதி சாயங்கால ரயிலில் வா. அந்தப் பெட்டியில் இருக்கிற விண்ணப்பங்களை எடுத்து வா, அவரவர் சர்டிபிகேட் நகல் அதில் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க வேண்டும். வீடு வீடாக நீதான் போய்க் கொடுக்க வேண்டும். நானும் கூட வருகிறேன்.

ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன். உன்னைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வருமா என்று தெரியாது. வராவிட்டால் தப்பாக நினைக்காதே, பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நடந்து வா.

அண்ணன்
குணசேகர்